இந்தியச் சட்டப் பட்டத்தோடு ஒன்டாரியோ உரிமத் தேர்வு வரை

கனடாவில் வழக்கறிஞராவதற்கு நாடு முழுவதற்குமான ஒரே தேர்வு கிடையாது; தொழில் உரிமம் வழங்குவது அந்தந்த மாகாணத்தின் சட்டச் சங்கம்தான். வெளிநாட்டில் சட்டம் படித்த ஒருவர் ஒன்டாரியோவின் உரிமத் தேர்வில் உட்கார வேண்டுமானால், முதலில் அச்சங்கங்களின் கூட்டமைப்பு நடத்தும் மதிப்பீட்டுக் குழுவிடம், அதாவது எல்லோரும் என்.சி.ஏ. என்று சொல்லும் அமைப்பிடம், தகுதிச் சான்றிதழ் பெற்றாக வேண்டும். பிரெஞ்சு வழிவந்த சிவில் சட்ட மரபைப் பின்பற்றும் கியூபெக் மாகாணத்துக்கு வழி வேறு. தமிழ்நாட்டில் மூன்றாண்டு சட்டப் படிப்பை முடித்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் சில ஆண்டுகள் தொழில் செய்துவிட்டு டொரன்டோவில் குடியேறிய நான் இந்த வழியாகத்தான் வந்தேன். இதே எண்ணத்தில் இருக்கும் இளைய வழக்கறிஞர்களுக்குப் பயன்படும் என்பதால், எந்தக் கட்டத்தில் எவ்வளவு உழைப்பு தேவைப்பட்டது என்பதை எழுதுகிறேன்.

கேட்கப்படும் ஆவணங்கள் அதிகமில்லை. ஆனால் அவை யார் கையிலிருந்து வருகின்றன என்பதில் குழு மிகவும் கண்டிப்பாக இருக்கிறது. சட்டப் படிப்பின் மதிப்பெண் விவரம் பல்கலைக்கழகத்திலிருந்து நேரடியாக அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். நம்மிடம் உள்ள அசல் பட்டியலை நோட்டரி கையொப்பத்தோடு அனுப்பினாலும் அது அதற்கு ஈடாகாது. வழக்கறிஞராகப் பதிவு செய்தவர்கள், தங்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்னும் சான்றைப் பார் கவுன்சிலிடமிருந்து பெற வேண்டும். நான் படித்த பல்கலைக்கழகத்தில் என் விண்ணப்பம் ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுக்குப் போகவே மாதங்கள் ஆயின. மின்னஞ்சல்களுக்குப் பதிலே இல்லை. என் பழைய சீனியரின் அலுவலகத்தில் இருந்த ஜூனியர் தம்பி ஒருவர் நேரில் போய் நின்ற பிறகுதான் கோப்பு நகர்ந்தது. ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே இதை முடித்துவிடுவது மிகவும் நல்லது.

இதைவிடத் தமிழர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. என் பட்டச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்தாக ஒரே ஓர் எழுத்து. பாஸ்போர்ட்டிலோ தந்தையின் முழுப்பெயர் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் இருந்தது. நமக்கு இது இயல்பு. தலைப்பெழுத்து வழக்கத்தை அறியாத அலுவலருக்கு இவை இரண்டு வெவ்வேறு ஆட்களின் ஆவணங்கள். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்ற பிரமாண வாக்குமூலத்தோடு, தந்தையின் பெயர் தெளிவாக இருக்கும் பள்ளி மாற்றுச் சான்றிதழின் நகலையும் இணைத்தேன். பார் கவுன்சில் பதிவில் பெயர் எப்படி இருக்கிறது என்பதையும் அப்போதே ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

பட்டம் எந்தச் சட்ட மரபைச் சேர்ந்தது, எத்தனை ஆண்டுப் படிப்பு, வகுப்பறையில் படித்ததா, மதிப்பெண்கள் எப்படி என்பவற்றையெல்லாம் பார்த்துத்தான் குழு தேர்வுப் பாடங்களை விதிக்கிறது. இந்தியாவைப் போல முந்தைய தீர்ப்புகளையும் சட்டமாகக் கொள்ளும் பொதுச் சட்ட நாட்டில் படித்தவர்களுக்கும் தவறாமல் வருபவை ஐந்து: கனடாவின் அரசமைப்புச் சட்டம், நிர்வாகச் சட்டம், குற்றவியல் சட்டம், கனடியச் சட்டத்தின் அடிப்படைகள், தொழில் ஒழுக்கம். ஒப்பந்தம், சொத்து போன்றவை சிலருக்குக் கூடுதலாக வரும். இவற்றைக் கனடியப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்தும் படிக்கலாம். டொரன்டோவின் ஆஸ்குட் ஹால் சட்டப் பள்ளியில் இதற்கென்றே முதுநிலைப் படிப்பு இருக்கிறது. குடும்பத்தோடு வந்திருந்த எனக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாததால், வேலை பார்த்துக்கொண்டே தேர்வுகளை எழுதினேன்.

பாடங்களில் என்னை உள்ளே இழுத்துக்கொண்டது அரசமைப்புச் சட்டம். உரிமைகளின் மீது அரசு விதிக்கும் கட்டுப்பாடு நியாயமானதா என்பதை அளக்க, 1986-இல் ஓக்ஸ் வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் வகுத்த விகிதாசாரச் சோதனையை, 2016-இல் மாடர்ன் டென்டல் கல்லூரி வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் எடுத்தாண்டிருக்கிறது. ஆகவே அது எனக்குப் புதிதல்ல. ஆனால் கனடாவின் உரிமைச் சாசனத்தின் 33-ஆம் பிரிவு, சில அடிப்படை உரிமைகள் எப்படி இருந்தபோதிலும் ஒரு சட்டம் ஐந்தாண்டுகள் வரை செல்லும் என்று அறிவிக்கச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அதை மீண்டும் புதுப்பிக்கவும் முடியும். அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றத்தாலும் மாற்ற முடியாது என்ற கேசவானந்த பாரதி வழக்கைப் படித்து வளர்ந்த ஒருவருக்கு இதை ஏற்பது எளிதல்ல. அதை நம் கண்ணால் பார்க்காமல், 1982-இல் அந்தச் சாசனம் எந்த அரசியல் உடன்பாட்டில் பிறந்ததோ அதோடு சேர்த்துப் படித்தபோதுதான் பிடிபட்டது.

நிர்வாகச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டின் வாவிலோவ் தீர்ப்பை முழுமையாகப் படிக்காமல் தேர்வுக்குப் போகக் கூடாது. ரஷ்ய உளவாளிகளுக்கு டொரன்டோவில் பிறந்த ஒருவரின் குடியுரிமைச் சான்றை அதிகாரி ரத்து செய்த வழக்கு அது. அதிகாரியின் முடிவை நீதிமன்றம் பொதுவாக நியாயத்தன்மை என்ற அளவுகோலால்தான் சோதிக்கும் என்பதையும், எந்த விதிவிலக்குகளில் தன் சொந்த முடிவையே முன்வைக்கும் என்பதையும் அந்தத் தீர்ப்பு ஒழுங்குபடுத்தியது. ஜமைக்காவிலிருந்து வந்து வீட்டு வேலை செய்து, நாடு கடத்தப்படும் நிலையில் இருந்த தாயான மேவிஸ் பேக்கரின் 1999-ஆம் ஆண்டு வழக்கு, நடைமுறை நியாயத்துக்கு, அதாவது முடிவெடுக்கும் முறை நியாயமாக இருக்க வேண்டும் என்பதற்கு அடிப்படை. குடிவரவு அதிகாரி எழுதிவைத்த குறிப்புகளைப் படித்தபோது, ஒரு தாயைப் பற்றி இப்படியும் எழுத முடியுமா என்று மனம் கொதித்தது. இத்தீர்ப்புகள் எல்லாம் கனடியத் தீர்ப்புகளைத் தொகுத்துத் தரும் கான்லீ இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும்போது, விலைக்கு விற்கும் சுருக்கக் குறிப்புகளை மட்டும் நம்பிப் படிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

தேர்வு மூன்று மணி நேரம். புத்தகம் பார்த்து எழுதலாம். 50 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. இணையவழியில் நடப்பதால் இந்தியாவில் இருந்தபடியே எழுத முடிகிறது. புத்தகம் கையில் இருப்பதால் மனப்பாடத்துக்கு இங்கே மதிப்பில்லை. நீளமான ஒரு சம்பவத்தைக் கொடுத்து, உங்கள் கட்சிக்காரருக்கு என்ன ஆலோசனை சொல்வீர்கள் என்று கேட்கிறார்கள். பிரச்சினையை அடையாளம் கண்டு, பொருந்தும் விதியைச் சொல்லி, சம்பவத்தின் ஒவ்வொரு விவரத்தையும் அதோடு பொருத்தி எழுதும் பழக்கம் வேண்டும். பக்கம் பக்கமாகச் சட்டத்தை விளக்கும் நம் ஊர் விடைத்தாள் முறை இங்கே உதவாது. பாடங்களோடு, சட்ட ஆய்வு மற்றும் எழுத்துப் பயிற்சி ஒன்றையும் 2022 முதல் கட்டாயமாக்கியிருக்கிறார்கள்.

தகுதிச் சான்றிதழ் வந்த பிறகு ஒன்டாரியோ சட்டச் சங்கத்தின் உரிம நடைமுறை தொடங்குகிறது: நீதிமன்ற வழக்கு வேலைக்கான பாரிஸ்டர், பத்திரம் போன்ற ஆவண வேலைக்கான சொலிசிட்டர் என்று இரண்டு தேர்வுகள், நன்னடத்தை விசாரணை, ஆர்ட்டிக்ளிங் என்னும் பணிப்பயிற்சி அல்லது அதற்கு ஈடான பயிற்சித் திட்டம். இவற்றில் கடினமானது ஆர்ட்டிக்ளிங் இடம் பிடிப்பதுதான். கனடிய அனுபவம் இல்லை என்ற பதிலையே திரும்பத் திரும்பக் கேட்க நேரும். ஆகவே என்.சி.ஏ. தேர்வுகளை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஏதேனும் ஒரு சட்ட அலுவலகத்தில் எழுத்தராகவாவது சேர்ந்துவிடுங்கள். டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் குடிவரவு, வீட்டுப் பத்திரப் பதிவு வேலைகளைச் செய்யும் தமிழ் வழக்கறிஞர் அலுவலகங்கள் பல உள்ளன. தமிழில் கட்சிக்காரரிடம் பேசி விவரம் வாங்கத் தெரிந்த ஆள் அங்கே தேவைப்படுகிறார்.