போனை எடுப்பதற்கு முன்னால் ஒரு வரி

மாதக் கடைசியில் பேங்க் ஸ்டேட்மெண்டையும் டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கும் பேங்க் லெட்ஜரையும் ஒத்துப் பார்க்கும் வேலையைப் பாதியில் விட்டு எழுந்தால், எந்த வரி வரை பார்த்தோம் என்பது பெரும்பாலும் தொலைவதில்லை, பென்சில் டிக் இருக்கிறது, பேங்க் டேட் (பேங்கில் பாஸ் ஆன தேதி) போடாத என்ட்ரிகளும் அப்படியே நிற்கும். தொலைவது வேறு. 'இந்த 18,500 ரூபாய் செக் இன்னும் பாஸ் ஆகவில்லை, போன மாதம் பாஸ் ஆகாத செக்குகளின் லிஸ்ட்டில் இருக்கிறதா பார்க்கணும்' என்று மனசில் ஓடிக்கொண்டிருந்ததே, அந்த அடுத்த வேலைதான் போய்விடுகிறது.

முடிக்காத வேலைதான் நன்றாக ஞாபகத்தில் நிற்கும் என்று உளவியலாளர் ப்ளூமா ஜைகார்னிக் 1927இல் எழுதினார். பிறகு அதைச் சோதித்துப் பார்த்தவர்களுக்கு அந்த முடிவு எப்போதும் கிடைக்கவில்லை. அவரைப் போலவே பெர்லினில் உளவியலாளர் கர்ட் லெவினிடம் படித்த மரியா ஒவ்சியான்கினா 1928இல் கண்டது வேறு: பாதியில் நிறுத்தப்பட்டவர்கள், யாரும் சொல்லாமலே அந்த வேலைக்குத் திரும்பிப் போனார்கள். என் அனுபவத்துக்கு இதுதான் ஒத்துவருகிறது. திரும்பிப் போக மனசு துடிக்கும், ஆனால் போய் என்ன செய்யணும் என்பதையும் சேர்த்து அது தூக்கிக்கொண்டு வருவதில்லை.

ஆல்ட்மன், டிராஃப்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002இல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். கைவிட்ட நோக்கம் நினைவில் மங்கிக்கொண்டே போகும், அதை மறுபடி எழுப்ப, கிளம்பும்போதும் திரும்பும்போதும் கண்ணில் படுகிற ஓர் அடையாளம் உதவும். அதனால் போன் அடிப்பதற்கும் நாம் எடுப்பதற்கும் நடுவே கிடைக்கும் அந்தச் சில விநாடிகள் அவ்வளவு முக்கியம்.

எங்கள் பிரிவில் சீனியர் அக்கா ஒருவர் இதையெல்லாம் படிக்காமலே செய்வார். போன் அடிக்கும், பதறாமல் மஞ்சள் ஸ்லிப்பில் "போன மாச லிஸ்ட் பார்" என்று எழுதி அந்த வரி மேலேயே ஒட்டிவிட்டு அப்புறம்தான் எடுப்பார். ஸ்லிப்பை மேஜை ஓரத்தில் ஒட்டினால் பயன் இல்லை என்பார், சரிதான், திரும்பி வந்ததும் கண் போகிற இடம் அந்த வரிதானே.

மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று "உடனே வாங்க" என்று கூப்பிடும் மேலாளர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்தான்: "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லி நாங்கள் குனிந்து எழுதுவதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கேட்கும் வேறொரு லெட்ஜரைக் காட்டுவதற்காகத் திறந்திருக்கும் பக்கத்தை மூடச் சொல்லாதீர்கள், இன்னொரு விண்டோவில் திறந்து காட்டுகிறோம்.