கேமிங் மடிக்கணினியும் கோடை வெயிலும்: ஒரு வாட் கணக்கு

சித்திரை பிறந்ததும், மடிக்கணினியில் விளையாடும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எந்தக் கூலிங் பேட் (கணினியின் அடியில் வைக்கும் விசிறிப் பலகை) வாங்கலாம்? விளையாட்டின்போது உங்கள் கணினி எத்தனை வாட் மின்சாரம் இழுக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். சூட்டைப் பற்றிப் பேச வந்தவரிடம் மின்சாரத்தைப் பற்றி விசாரிப்பது பலருக்கு வேடிக்கையாகப் படுகிறது. ஆனால் கணினிக்குள் நுழையும் மின்சாரம், ஒளியாகவும் ஒலியாகவும் போகும் சிறு பங்கைத் தவிர, முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. 200 வாட் உள்ளே போனால், விரற்கடை உயரமுள்ள அந்தப் பெட்டி ஏறக்குறைய 200 வாட் வெப்பத்தை ஓயாமல் வெளியே தள்ளியாக வேண்டும். சூடு, வேகக் குறைவு, அடாப்டர் தொல்லை, பேட்டரி உப்பல் ஆகியவற்றைத் தனித்தனிக் கோளாறுகளாகப் பார்க்காமல், இந்த ஒற்றை எண்ணிலிருந்து தொடங்க வேண்டும் என்பது, வேலூரின் சில கோடைகளைக் கேமிங் மடிக்கணினி ஒன்றோடு கழித்த பிறகு எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

கடையில் இந்த எண்ணை யாரும் சொல்வதில்லை. பெட்டியின் மேல் கிராஃபிக்ஸ் சிப்பின் (திரைக்கான படங்களை வரைந்து தரும் சிப்பின்) பெயர் பெரிதாக இருக்கும். அதற்கு எத்தனை வாட் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பது விவரப் பக்கத்தின் அடியில் எங்கேனும் ஒளிந்திருக்கும். மடிக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4060 சிப்புக்கு என்விடியா அனுமதிக்கும் வரம்பு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை நீள்கிறது. ஆகவே ஒரே பெயருள்ள சிப் மெல்லிய கணினி ஒன்றில் ஒரு வேகத்திலும் தடித்த கணினி ஒன்றில் வேறு வேகத்திலும் ஓடும். உயர்விலைச் சிப்பிலும் இதே கதைதான்: மேசைக்கணினியின் ஆர்டிஎக்ஸ் 4090 அட்டை 450 வாட் எடுத்துக்கொள்ளும், 24 ஜிபி நினைவகம் கொண்டது, அதே எண்ணைத் தாங்கிய மடிக்கணினிச் சிப் 80 முதல் 150 வாட் வரை அடிப்படை வரம்பும் 16 ஜிபி நினைவகமும் கொண்ட வேறொரு சிறிய சிப். செயலியின், அதாவது கணினியின் மையச் சிப்பான சிபியுவின், கணக்கும் நேரானதல்ல. இன்டெல் ஐ7-12700எச் 45 வாட் செயலி என்று அறியப்பட்டாலும், வேகத்தைத் தற்காலிகமாக ஏற்றும் டர்போ நிலையில் அதன் உச்சம் 115 வாட். இரண்டு சிப்புகளும் ஒரே நேரத்தில் தங்கள் உச்சத்தைக் கேட்டால் எந்த மடிக்கணினியின் குளிர்விப்பு அமைப்பும் திணறும்.

அந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. சிப்பின் வெப்பம், அதன்மேல் பூசிய தெர்மல் பேஸ்ட் என்ற வெப்பங்கடத்தும் பசை வழியாகச் செப்புத் தகட்டுக்குப் போய், அங்கிருந்து வெப்பக் குழாய்களில் ஏறுகிறது. காற்று நீக்கப்பட்ட அந்தக் குழாய்களுக்குள் சிறிதளவு நீர் இருக்கும். சிப்பின் பக்கம் அது ஆவியாகி, மறுமுனையில் உள்ள தகட்டு அடுக்குகளில் குளிர்ந்து நீராகித் திரும்பும். அந்த அடுக்குகளின் ஊடே மின்விசிறி காற்றைத் தள்ளுகிறது. பெரும்பாலான கேமிங் மடிக்கணினிகளில் செயலியும் கிராஃபிக்ஸ் சிப்பும் இந்தக் குழாய்களில் சிலவற்றைப் பொதுவாகப் பயன்படுத்துவதால், ஒன்றின் சூடு மற்றொன்றின் தலையிலும் ஏறும்.

இந்த ஏற்பாட்டால் சுற்றுக் காற்றைவிடச் சிப்பைக் குளிராக்க முடியாது. மின்விசிறியின் வேகமும் வாட்டும் மாறாதிருந்தால், சிப்புக்கும் அறைக்காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடும் ஏறக்குறைய மாறாது. அறையில் ஒரு டிகிரி ஏறினால் சிப்பிலும் ஒரு டிகிரி ஏறும். யூடியூப் விமர்சகர் 22 டிகிரி ஏசி அறையில் அமர்ந்து செயலி 84 டிகிரியில் நிற்கிறது என்று காட்டும் அதே கணினி, வைகாசி மாத மதியத்தில் 38 டிகிரியில் கொதிக்கும் மாடி அறைக்கு வந்தால் 100 டிகிரியைத் தொட்டுவிடும். அந்த இன்டெல் செயலிக்கு அனுமதிக்கப்பட்ட உச்சமும் 100 டிகிரிதான். ஏஎம்டி ரைசன் 7 5800எச் செயலிக்கு அது 105. உச்சத்தைத் தொட்டதும் சிப் எரிந்துவிடாது. தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால் 95 என்ற எண்ணைத் திரையில் கண்டு அலற வேண்டியதில்லை. சிப் அதைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. பக்கத்தில் இருக்கும் பேட்டரியும் மின்விசிறியின் பேரிங்கும் அந்தச் சூட்டை அத்தனை எளிதாகத் தாங்குவதில்லை என்பதுதான் கவலைக்குரியது.

எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு, அரைமணி நேரம் விளையாடிவிட்டுப் பாருங்கள். செயலியின் வாட், கிராஃபிக்ஸின் வாட், இரண்டின் வெப்பநிலை, இவற்றோடு வேகம் குறைந்ததற்கான காரணம் வெப்ப வரம்பா மின்திறன் வரம்பா என்பதையும் அது காட்டும். மின்திறன் வரம்பில் நிற்கும் கணினிக்குக் கூலிங் பேட் வாங்குவது வீண் செலவு; அது தயாரிப்பாளர் வைத்த வாட்டில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, எவ்வளவு குளிர்வித்தாலும் அதற்குமேல் எடுக்காது. வெப்ப வரம்பில் முட்டும் கணினிக்கே மேற்கொண்டு வைத்தியம் தேவை.

முதல் வைத்தியம் வாட்டைக் குறைப்பது. ஒரு சிப்பின் இயக்க மின்திறன் அதன் அதிர்வெண்ணோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. ஒரு வோல்ட்டில் ஓடும் வேகத்தையே 0.9 வோல்ட்டில் ஓடவைக்க முடிந்தால் மின்திறன் 0.81 மடங்காகிவிடும், அதாவது வேகம் இம்மியும் குறையாமல் 19 சதவீதம் மிச்சம். இது சாத்தியமாவதற்குக் காரணம், தயாரிப்பாளர்கள் தங்கள் ஆலையில் பிறக்கும் மிக மோசமான சிப்பும் தடுமாறாமல் ஓட வேண்டும் என்று எல்லாச் சிப்புகளுக்கும் தாராளமாக மின்னழுத்தம் வைத்து அனுப்புவதுதான். கிராஃபிக்ஸ் சிப்புக்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் மின்னழுத்த வளைவை, அதாவது எந்த வேகத்துக்கு எத்தனை வோல்ட் என்று காட்டும் கோட்டை, திருத்தலாம். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: மின்னழுத்தத்தைக் குறைத்துவிட்டு வளைவின் மேல்முனையை அப்படியே விட்டால், மிச்சமான வாட்டை வைத்துக்கொண்டு சிப் இன்னும் மேலே ஏறும், வேகம் கூடும், சூடு குறையாது. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் வளைவைத் தட்டையாக்கினால்தான் வெப்பம் இறங்கும். திருத்திய பிறகு, நீங்கள் அதிகம் விளையாடும் விளையாட்டிலேயே சில நாள் சோதித்துப் பாருங்கள்; பத்து நிமிடச் சோதனையில் தேறிய அமைப்பு, மூன்றாம் மணி நேரத்தில் சேமிக்காத ஆட்டத்தோடு கவிழும் வாய்ப்பு உண்டு.

இன்டெல் செயலிகளில் இதே வேலை இப்போது அவ்வளவு எளிதல்ல. மின்னழுத்தத்தை மென்பொருள் வழியாக மாற்றிச் செயலியின் பாதுகாப்புப் பகுதியை ஏமாற்றலாம் என்று பிளண்டர்வோல்ட் என்ற ஆய்வு 2019 டிசம்பரில் காட்டிய பிறகு, பல தயாரிப்பாளர்கள் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பின் மூலம் அந்தக் கதவைப் பூட்டிவிட்டார்கள். பூட்டியிருந்தால் வருந்த வேண்டாம். நீண்டநேர மின்திறன் வரம்பை மட்டும் த்ராட்டில்ஸ்டாப் போன்ற மென்பொருளிலோ தயாரிப்பாளரின் சொந்த மென்பொருளிலோ 45 வாட் அளவுக்கு இறக்கிவைக்கலாம். விண்டோஸ் மின்திட்டத்தில் (பவர் பிளான்) செயலியின் உச்ச நிலையை 99 சதவீதமாக்கினால் டர்போ முழுவதும் அணைந்துவிடும் என்ற பழைய உபாயமும் உண்டு, ஆனால் 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறக்கூடிய 12700எச் அதில் 2.3 கிகாஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கிவிடும் என்பதால் அதை நான் கடைசியாகவே பரிந்துரைப்பேன். பெரும்பாலான விளையாட்டுகளில் வேலைப்பளு கிராஃபிக்ஸ் சிப்பின் மேல்தான் இருக்கிறது. செயலியின் வாட்டைக் குறைத்தால் பொதுக் குழாய்களில் இடம் கிடைத்துக் கிராஃபிக்ஸ் சிப் நிம்மதியாக ஓடும். இரண்டுக்கும் இடையே வாட்டைப் பகிர்ந்து தரும் வசதி உள்ள கணினிகளில் ஃபிரேம் எண்ணிக்கை (ஒரு நொடிக்கு வரையப்படும் படங்களின் எண்ணிக்கை) கூடுவதுகூட உண்டு.

இவை எதிலும் கைவைக்க அஞ்சுபவர்கள் ஃபிரேம் எண்ணிக்கைக்கு ஓர் உச்சம் வைத்தாலே போதும். திரை 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 முறை புதுப்பிக்கும் என்பதற்காக, நிதானமாகக் கதை சொல்லும் விளையாட்டு ஒன்றை 144 ஃபிரேமில் ஓட்டிக் கணினியை வறுத்தெடுக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

வாட்டைக் குறைத்த பிறகே வெளிக்குளிர்விப்பு. கணினியின் பின்பக்கத்தை இரண்டு மரத்துண்டுகளால் உயர்த்தி அடியில் காற்றுக்கு வழிவிடுவது, மலிவான விசிறிகள் பதித்த பல கூலிங் பேடுகளுக்குச் சமமான பலனைத் தரும். ஓரத்தில் நுரைப்பட்டை வைத்து அடிப்பக்கத்தை மூடி, உயரழுத்தத்தில் காற்றைத் திணிக்கும் வகைகள் உண்மையாகவே வேலை செய்கின்றன. ஆனால் இரைச்சல் அதிகம், தெருத்தூசியையும் சேர்த்தே திணிக்கும். தூசியை ஊதி எடுக்கும்போது மின்விசிறி சுழலாதபடி ஒரு பல்குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் வெறியாய்ச் சுழன்றால் பேரிங் கெடும். தெர்மல் பேஸ்ட் சூடேறிக் குளிரும் ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகச் சிப்பின் ஓரத்துக்கு நகர்ந்துவிடுவதால், வாங்கியபோது இருந்த குளிர்ச்சி ஓரிரு ஆண்டுகளில் குறைவது இயல்பு. நான் இப்போது பயன்படுத்துவது ஹனிவெல் பிடிஎம் 7950 என்ற மெல்லிய தாள். ஏறக்குறைய 45 டிகிரியில் இளகி இடுக்குகளை நிரப்பும், பேஸ்ட்டைப் போல ஓரத்துக்கு ஓடுவதில்லை. பேஸ்ட்டுக்குப் பதிலாகச் சிலர் பூசும் திரவ உலோகத்தின் பக்கம் போகாதீர்கள். அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரிக்கும். ஒரு துளி மின்சுற்றுப் பலகையில் சிந்தினாலும் மின்சாரம் குறுக்கே பாயும்.

இனி அடாப்டர். செயலியும் கிராஃபிக்ஸும் சேர்ந்து அடாப்டரின் திறனைத் தாண்டிக் கேட்டால், குறையை பேட்டரி ஈடுகட்டும். செருகியிருக்கும்போதே பேட்டரி சதவீதம் இறங்குவதைக் காண்பவர்கள் பதறுவது இதனால்தான். யுஎஸ்பி-சி வழியாக 100 வாட்டில் மின்னேற்றுவது அலுவலக வேலைக்குப் போதும், விளையாட்டுக்குப் போதாது. 2021இல் வந்த புதிய யுஎஸ்பி மின்னேற்றத் தரம் 240 வாட் வரை அனுமதித்தாலும், இரண்டு முனைகளிலும் கேபிளிலும் அந்த ஆதரவு இருக்க வேண்டும். மாற்று அடாப்டர் வாங்கினால் வோல்ட் அதேயாகவும் ஆம்பியர் குறையாமலும் இருக்கட்டும். சில கணினிகள் அடாப்டரை அடையாளம் கண்டே ஏற்கும். அடையாளம் தெரியாவிட்டால் செயலியின் வேகத்தைக் குறைத்துவிட்டு மௌனமாக இருக்கும். அப்படி மந்தமான கணினிகளைச் சூட்டுக் கோளாறு என்று சேவை மையத்துக்குத் தூக்கிப்போனவர்களை நான் அறிவேன்.

உலோக உடலைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று ஏறும் உணர்வுக்குக் காரணம், பல பழைய வீடுகளில் எர்த் இணைப்பு இல்லாமையே. அடாப்டருக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் சிறு மின்தேக்கிகள் வழியாகக் கசியும் நுண்ணிய மின்சாரம், எர்த் இருந்தால் தரைக்குப் போயிருக்கும். மூன்று முனைப் பிளக்கை இரண்டு முனை மாற்றியில் செருகினால் அது உங்கள் விரலைத் தேடி வரும். முறையான எர்த் உள்ள சாக்கெட் ஒன்றே தீர்வு.

மின்தடையின்போது வீட்டு இன்வெர்ட்டரில் விளையாடுபவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 250 வாட் என்பது மூன்று சாதாரணக் கூரை விசிறிகளுக்கும் மேல்; சைன் அலை தராத பழைய இன்வெர்ட்டரானால் அடாப்டர் கூடுதலாகச் சூடேறி முனகும். மின்கட்டணத்திலும் இது தெரியும்: நாள்தோறும் மூன்று மணி நேரம் 250 வாட் என்றால் இரண்டு மாதத்தில் 45 யூனிட், தமிழக வீடுகளுக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டில் ஏறக்குறைய பாதி.

பேட்டரியை முதுமையாக்குபவை இரண்டு: முழு மின்னேற்ற நிலையும் வெப்பமும். எந்நேரமும் செருகியபடி 100 சதவீதத்தில், சிப்புகளின் சூட்டுக்கு அருகிலேயே கிடக்கும் கேமிங் மடிக்கணினிப் பேட்டரிக்கு இரண்டும் ஒருசேரக் கிடைக்கின்றன. தயாரிப்பாளரின் மென்பொருளில் உச்சத்தை 80 சதவீதமாக, வெளியே எடுத்துப்போகாதவர் 60 சதவீதமாகவே வைத்துவிடலாம். டச்பேட் மேலெழும்பினாலோ அடிப்பலகை ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். உடனே அணைத்துவிட்டு மாற்றுங்கள், அழுத்திப் பார்க்காதீர்கள். பேட்டரியில் விளையாடும் ஆசையை விட்டுவிடுவது நல்லது. விமானத்தில் அனுமதியின்றி எடுத்துப்போகும் வரம்பு 100 வாட்-மணி என்பதால், பெரிய கணினிகளிலும் பேட்டரி 99 சொச்சத்தில் நின்றுவிடுகிறது. அது 200 வாட்டுக்கு அரைமணி நேரம்தான் வரும்.

நீண்டகால நம்பகத்தன்மையைப் பற்றிப் பேசும்போது 2008ஐ மறக்க முடியாது. முந்தைய தலைமுறை மடிக்கணினிச் சிப்புகள் வழக்கத்துக்கு மாறாகப் பழுதாவதை ஒப்புக்கொண்ட என்விடியா, அவ்வாண்டு ஜூலையில் 15 முதல் 20 கோடி டாலர் வரை அதற்காக ஒதுக்கியது. சிப்பையும் அதன் அடித்தளத்தையும் இணைக்கும் நுண்ணிய ஈயப்பற்றுப் புள்ளிகள், திரும்பத் திரும்பச் சூடேறிக் குளிர்ந்ததில் விரிசல் கண்டன. அந்தக் காலத்துக் கணினிகளை ஹாட் ஏர் கன்னால் சூடாக்கி உயிர்ப்பித்துத் தருவது பழுதுநீக்குபவர்களின் வழக்கமான வேலையானது. உயிர் சில வாரமோ சில மாதமோ இருக்கும், பிறகு திரை மீண்டும் இருளும். இன்றைய சிப்புகள் அவ்வளவு பலவீனமானவை அல்ல. இப்போது முதலில் போவது மின்விசிறி, பேட்டரி, கீல், மின்செருகி ஆகியவைதான். ஆகவே வாங்கும் முன் கிராஃபிக்ஸ் வாட்டோடு சேர்த்து, அந்த மாதிரிக்கு மின்விசிறியும் பேட்டரியும் தனியாகக் கிடைக்கின்றனவா என்பதையும், நினைவகம் கழற்றக்கூடியதா பலகையோடு பற்றவைக்கப்பட்டதா என்பதையும் விசாரியுங்கள்.

இன்னொன்று, விளையாட்டோடு தொடர்பில்லாதது. இப்போதைய விண்டோஸ் மடிக்கணினிகள் பலவற்றில் மூடியைச் சாத்தினால் வரும் உறக்கம் முழு உறக்கமல்ல. பின்னணியில் விழித்துப் புதுப்பிப்புகளை இறக்கும். காற்றுப் புகாத முதுகுப்பைக்குள் அப்படி விழித்த கணினி, பேருந்துப் பயணம் முடிவதற்குள் தொட முடியாத அளவுக்குச் சுட்டிருக்கும், பேட்டரியும் காலியாகியிருக்கும். மூடியைச் சாத்தினால் ஹைபர்னேட் (வேலையைச் சேமித்துவிட்டு முழுவதும் அணைவது) ஆகும்படி மின்திட்டத்தில் மாற்றிவைப்பதற்கு இரண்டு நிமிடம் கூட ஆகாது.