வருத்தம் என்றால் நோய்

நான் திருக்காட்டுப்பள்ளியைச் சேர்ந்தவள். திருவெறும்பூர்ப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் தமிழ் கற்பித்தேன். திருச்சி மாவட்டத்தில் கொட்டப்பட்டு, வாழவந்தான்கோட்டை என இரண்டு இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றிலிருந்து என் வகுப்புக்கு ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் வருவார்கள். 2010 டிசம்பரில் அப்படிப்பட்ட சிறுமி ஒருத்தி அரையாண்டுத் தேர்வுக்கு இரண்டு நாள் வரவில்லை. காரணம் கேட்டேன். “அம்மம்மாக்கு வருத்தம் டீச்சர், நான்தான் பக்கத்தில இருந்தனான்” என்றாள். பாட்டி ஏதோ மனக்கஷ்டத்தில் இருக்கிறாள் போலும், அதற்காகவா ஒரு பிள்ளையைத் தேர்வுக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்வது என்று எனக்குக் கோபம் வந்தது; அந்தப் பிள்ளையைக் கடிந்தும் பேசிவிட்டேன். ஈழத்துப் பேச்சில் வருத்தம் என்றால் நோய் என்று பொருள். காய்ச்சலும் வருத்தம்தான், சர்க்கரை நோயும் வருத்தம்தான். தமிழாசிரியையாகிய எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

மறுவாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பத்தடிக்குப் பத்தடி இருக்கும் ஓர் அறை. நடுவே சேலை ஒன்றைத் திரையாகக் கட்டி இரண்டாக்கியிருந்தார்கள். நான் அக்கா என்று அழைத்த அந்தப் பாட்டிக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. அடுப்புக்குப் பக்கத்தில், மூடி வைத்த எவர்சில்வர் தட்டு ஒன்றில் சோறும் பருப்பும் தனியாக இருந்தன. யாருக்கு என்று கேட்டபோது மகள் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. பிறகு தெரிந்தது: 2007-இல் மகளோடும் பேத்தியோடும் தலைமன்னாரிலிருந்து இரவில் படகேறி, தனுஷ்கோடிக்கு முன்பே ஒரு மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டு, விடியும்வரை தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்தபடி நின்று, மண்டபம் முகாமில் பதிவும் விசாரணையும் முடிந்து இங்கே அனுப்பப்பட்டவர்கள். மகன் போர் நடந்த வன்னியில் தங்கிவிட்டான். 2009 மே மாதத்தில் போர் முடிந்தபின் அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகத் தேடச் சொல்லி விண்ணப்பம் கொடுத்திருந்தார்கள். இறந்தான் என்று சொல்ல எவரும் இல்லை, இருக்கிறான் என்று சொல்லவும் எவரும் இல்லை. தட்டு அவனுக்குத்தான்.

அடுத்த எட்டு மாதங்களில் நான் செய்தவற்றில் பெரும்பாலானவை தவறானவை என்பதை இங்கே ஒளிக்க விரும்பவில்லை. ஆறுதல் சொன்னேன். வயலூர் முருகன் கோயிலுக்கு அழைத்துப் போனேன். “மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், பேத்தியைப் பாருங்கள்” என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். முகாமிலேயே சிலர், காரியத்தைச் செய்து முடித்துவிட்டால் மனம் அடங்கிவிடும் என்று அவரிடம் கூறி வந்தார்கள். அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. காரியம் செய்வது என்றால் மகன் இறந்துவிட்டான் என்று தாயே தன் வாயால் ஒப்புக்கொள்வது என்பதும், நாளைக்கு அவன் வந்து நின்றால் அவன் முகத்தில் எப்படி விழிப்பது என்ற அச்சத்தில்தான் அவர் இரவெல்லாம் விழித்திருந்தார் என்பதும் வெகுகாலம் கழித்தே எனக்கு விளங்கின.

எல்லாவற்றிலும் மோசமானது 2011 ஆடிப் பதினெட்டு. எங்கள் ஊரில் அந்த நாள் பெண்களின் நாள். காதோலை கருகமணியும் பழமும் ஆற்றில் விட்டு, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, சித்திரான்னம் சாப்பிட்டு வருவோம். காவிரியைப் பார்த்தால் யாருக்கும் மனம் குளிரும் என்று நம்பியே நான் வளர்ந்தேன். முன்பின் கேட்காமல் அவரையும் படித்துறைக்கு அழைத்துப் போனேன். இரண்டாம் படியில் தண்ணீர் காலைத் தொட்டதும் என் கையை நகம் பதியப் பற்றினார்; உதடு வெளுத்தது, மூச்சு இரைத்தது, பேத்தியின் பெயரைச் சொல்லிக் கூவினார். பேத்தி படிக்கு மேலே பத்திரமாகத்தான் இருந்தாள். அந்த மணல் திட்டின் இரவு அவருக்கு முடியவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுற்றி நின்றவர்கள் சாமி வந்துவிட்டது என்று குங்குமம் பூசினார்கள்.

அதற்கு முன்பே மூன்று இடங்களில் மருத்துவம் பார்த்திருந்தோம். நெஞ்சு எரிகிறது, படபடக்கிறது என்றதால் ஓரிடத்தில் இ.சி.ஜி. எடுத்து ஒன்றும் இல்லை என்றார்கள். ஓரிடத்தில் வயிற்றுப் புண்ணுக்கு மாத்திரை தந்தார்கள். மூன்றாவது இடத்தில் நடந்ததை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். அக்கா, “ஒரே யோசனை ஐயா, நித்திரை வருகுதில்லை” என்றார். “யோசனை பண்ணினால் நல்லதுதானே அம்மா, எதைப் பற்றி யோசனை?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார் அந்த மருத்துவர். அவர் கெட்டவர் அல்லர். நமக்கு யோசனை என்றால் சிந்தனை, ஆலோசனை, ஈழத்தாருக்கு அது கவலை. அக்கா அதன்பின் வாய் திறக்கவில்லை. தெலுங்கரோ வடநாட்டாரோ வந்திருந்தால் மொழி தெரிந்த ஒருவரைத் தேடியிருப்பார்கள். இவர் தமிழர் என்பதாலேயே, சொன்னது புரிந்துவிட்டதாக எல்லோரும் எண்ணிக்கொண்டோம்.

ஆடிப்பெருக்குக்குப் பிறகு பள்ளிக்கு வரும் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் இதைச் சொன்னபோதுதான், தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் 1997-இல் முதன்முதலாகத் தொடங்கியதே நம் திருச்சியில்தான் என்றும், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கட்டணமின்றிப் பார்க்கலாம் என்றும் தெரிந்துகொண்டேன். அக்காவிடம் சொன்னதும் முகம் இறுகியது. “எனக்கு விசர் எண்டு நினைக்கிறியளோ டீச்சர்?” விசர் என்றால் பைத்தியம். நான் அவசரப்பட்டு மறுக்காமல், “நித்திரை வருவதற்கு மருந்து தரும் டாக்டர், உங்கள் வருத்தத்தைத்தான் பார்க்கப் போகிறார்” என்றேன். அவருடைய சொல்லை அவருடைய பொருளில் நான் பயன்படுத்தியது அதுவே முதல் தடவை. சரி என்றார்.

போவதும் எளிதாக இல்லை. முகாமில் வருவாய்த் துறையினர் வந்து கணக்கெடுக்கும் நாளில் ஆள் நேரில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும். மருத்துவமனை குறித்த நாளும் அந்த நாளும் ஒன்றாக விழுந்ததால் முதல் முயற்சி வீணாயிற்று. இரண்டாம் முறை முகாம் அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்து, காலை ஆறரை மணிப் பேருந்தில் போய் ஓ.பி. சீட்டு வாங்கினோம்.

அந்த மருத்துவர் இளம்பெண். கேள்வி கேட்டதும் அக்காவுக்கு முன் நான் பதில் சொல்லத் தொடங்கினேன். எட்டு மாதமாகப் பழகிய பொறுப்புணர்ச்சி. இரண்டு முறை பொறுத்தவர் மூன்றாவது முறை, “டீச்சர், சொல் புரியாவிட்டால் உங்களைக் கேட்கிறேன், பதில் அம்மா சொல்லட்டும்” என்றார். பிறகு நீண்ட நேரம் அறையில் பேச்சே இல்லை. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் தவித்தது நான்தான். அக்கா தட்டைப் பற்றித் தாமாகச் சொன்னார். இனி அப்படி எடுத்து வைக்காதீர்கள் என்று மருத்துவர் சொல்லப்போகிறார் என நினைத்தேன், “அவருக்கு என்ன குழம்பு பிடிக்கும்?” என்று கேட்டார். மகன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பதை அவர் அன்றும் பேசவில்லை, பின்னர் எப்போதும் முடிவு கட்டவில்லை. இரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். இரத்தச் சோகையும் இருந்தது. மனநோய் என்று முடிவானதும் உடம்பை யாரும் பார்க்காமல் விடுவது உண்டு என்றும், இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்றும் விளக்கினார்.

மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும், தொடக்கத்தில் குமட்டலாம், நன்றாகிவிட்டது என்று தாமாக நிறுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் அக்கா நிறுத்திவிட்டார். பலன் இல்லை, வயிற்றைப் புரட்டுகிறது என்றார். மீண்டும் போனோம்; அளவைக் குறைத்து, சாப்பாட்டுக்குப் பின் எடுக்கச் சொன்னார்கள். ஐந்தாவது வாரம் நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்கினார் என்று பேத்தி வகுப்பில் வந்து அறிவித்தாள்.

மாத்திரையைப் போலவே உதவியது முகாம் பெண்களின் தையல் கூட்டம். ஈழத் தமிழரான சந்திரகாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அகதிகளையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்த வழக்கத்தில், முகாமில் வளர்ந்த பெண் ஒருத்தி அந்தக் கூட்டத்தை நடத்தினாள். அங்கே யாரும் யாரிடமும் துன்பத்தைச் சொல்லும்படி கேட்கவில்லை. காஜா எடுத்துக்கொண்டே பேச்சு வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. காணாமற்போனவர்களைப் பெற்ற தாய்மார் அங்கே வேறு மூவர் இருந்தார்கள் என்பதை அக்கா நான்கு ஆண்டுகள் ஒரே முகாமில் இருந்தும் அறியாமல் இருந்திருக்கிறார்.

மருத்துவர் ஒருமுறை என்னிடம், தம்மால் ஆகாதவை பல இருப்பதாகச் சொன்னார். கணக்கெடுப்பு, ஊர் விட்டு ஊர் போக அனுமதி, பொறியியல் படித்தும் பெயின்ட் அடிக்கப் போகும் மருமகன், எந்த நாட்டுக் குடிமகன் என்று சொல்ல இயலாத நிலை ஆகியவை போர் நினைவுக்குச் சற்றும் குறையாமல் மனிதரை அரிக்கின்றன என்றார். 1983 முதல் 2012 வரை இந்தியாவுக்கு வந்த இலங்கை அகதிகள் 3 இலட்சத்துக்கும் மேல் என்பது அரசுக் கணக்கு. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 2021-இல் அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது, குடும்பத் தலைவருக்கான உதவித்தொகையும் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. நல்ல மாற்றங்கள்தாம், ஆனால் அக்காவின் மருமகன் இன்னும் பெயின்ட் அடிக்கத்தான் போகிறார்.

இன்று இவ்வழியில் போகிறவர்களுக்கு எங்களுக்கு இல்லாத சில வசதிகள் உண்டு. அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் மனநலச் சேவையை எல்லோருக்கும் உரிமையாக்கியிருக்கிறது. உடன் போகிறவர், அவர்கள் சொல்லும் சொற்களை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் நல்லது. நான் ‘நெஞ்சு நோகுது’, ‘ஒண்டும் ஏலாமக் கிடக்கு’ என்று எழுதி, பக்கத்தில் நம் வழக்கில் பொருளைக் குறித்துக் கொடுத்த தாளை அந்த மருத்துவர் நோயாளிக் குறிப்போடு சேர்த்துத் தைத்துக்கொண்டார்.

2013 தை மாதத்தில் மருந்தின் அளவு பாதியாயிற்று. அடுத்த முறை வரச் சொன்ன நாள் மறுபடியும் கணக்கெடுப்பு நாளாக அமைந்தது. நான் மனு எழுதிக் கொடுக்கலாம் என்று மாலையில் போனபோது, அக்கா காலையிலேயே தனியாக அலுவலகத்துக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தார். நகலைக் காட்டினார். கோடு போட்ட தாளில், பேத்தியின் பேனாவால், “எனது வருத்தத்துக்கு மருந்து எடுக்கப் போக வேண்டியிருப்பதால்” என்று எழுதியிருந்தது. கீழே அனுமதிக் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன.