நோவாவின் பேழை மறுபடியும் கிடைத்துவிட்டதாம்

பைபிள் சொல்லும் பெருவெள்ளத்தில் நோவா தப்பிய கப்பல், துருக்கியின் அராராத் மலைப் பக்கம் கிடைத்ததாகச் சொல்வது இது எத்தனையாவது தடவையோ, எண்ணுவதையே விட்டுவிட்டேன். ஆனாலும் உடனே சிரிப்பு பொம்மை போட எனக்குக் கை வருவதில்லை. ஏனென்றால் இயேசுவுக்கு மரண தண்டனை விதித்த ரோமானிய ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961-இல் இஸ்ரேலின் செசரியாவில் கிடைத்தபோது, அது பழைய அரங்கத்தின் படிக்கட்டில் ஒரு சாதாரணக் கல்லாகத்தான் கிடந்தது, அத்தனை காலம் எத்தனை பேர் அதை மிதித்துப் போனார்களோ!

சரி, அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் முடியாது. வாஷிங்டனில் உள்ள பைபிள் அருங்காட்சியகம் சாக்கடல் சுருள் (பைபிளின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள்) என்று வைத்திருந்த 16 துண்டுகளுமே போலி என்று 2020-இல் தெரிந்தது. தோல் பழசுதான், எழுத்து புதுசு. நுண்ணோக்கியில் பார்த்தால் மை, தோலின் பழைய வெடிப்புக்குள் இறங்கித் தேங்கியிருக்கிறது; பழங்காலத்திலேயே எழுதியிருந்தால் வெடிப்பு அப்புறம்தானே வந்திருக்கும்?

இயேசுவின் உடலைச் சுற்றியதாகச் சொல்லப்படும் டூரின் துணிக்கு 1988-இல் மூன்று ஆய்வகங்கள் கி.பி. 1260–1390 என்று காலம் குறித்தன. சோதனைக்கு வெட்டியெடுத்தது பிற்காலத்தில் ஒட்டுப்போட்ட ஓரம் என்று, துணி அசல்தான் என்று நம்புகிறவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை, ஆனால் இன்னொரு இடத்தில் வெட்டிச் சோதித்தால் முதல் ஆளாகப் படிப்பேன்.

இந்தப் பேழைக்காரர்களிடம் ஒரு மரத்துண்டாவது இருக்கிறதா, யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.