அப்ரைசலில் கேட்பது ரொம்ப லேட்

எங்கள் ஐடி துறையில், வருஷா வருஷம் நம் வேலையை மதிப்பிடும் அப்ரைசல் மீட்டிங்கில் வந்து உட்கார்ந்துகொண்டு "இந்த வருஷமாவது ஆன்சைட் கிடைக்குமா?" (வெளிநாட்டு கிளையண்ட் இடத்துக்கே போய் வேலை பார்க்கும் வாய்ப்பு) என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். கேட்கட்டும், தாராளமாகக் கேட்கட்டும். ஆனால் இங்கே பெரும்பாலான கம்பெனிகளுக்கு மார்ச் 31-ல் கணக்கு முடிகிறது, யாருக்கு ப்ரமோஷன், எவ்வளவு உயர்வு, எந்த ப்ராஜெக்டுக்கு யார் என்பதையெல்லாம் அதை ஒட்டியே மேலே பேசி முடித்துவிடுவார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் மேனேஜர், முடிந்துபோன முடிவை உங்கள் மனம் நோகாமல் சொல்ல வந்தவர், அவ்வளவுதான்.

நான் இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறேன். ஆள் ஒதுக்கும் மீட்டிங் எப்படி நடக்கும் என்று கேட்டால் பலர் நம்பமாட்டார்கள். திரையில் ஒரு எக்செல் ஷீட். ஜெர்மனி கிளையண்டுக்கு ஒரு ஆள் வேண்டும், யார்? சட்டென்று வந்து விழுவது, போகணும் என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கும் ஆளின் பெயர். அமைதியாக வேலை பார்க்கிறவரின் பெயரையும் யாராவது சொல்வார்கள்தான், உடனே இன்னொருவர், "நல்லாத்தான் பண்றான், ஆனா அவங்க அம்மாவுக்கு உடம்பு முடியலையே, போவானா?" என்பார். பெண்ணாக இருந்தால் "குழந்தை சின்னது", இல்லையென்றால் "வீட்டுல மாப்பிள்ளை பாக்கறாங்களாமே". சம்பந்தப்பட்டவர் அதே மாடியில் பத்தடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார், போய் ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றாது. அந்தக் கட்டத்துக்கு மஞ்சள் அடித்து வைப்பார்கள், சாயங்காலத்துக்குள் அதில் வேறு பெயர் ஏறிவிடும். கெட்ட எண்ணமே இல்லாமல், கரிசனத்தோடேயே நம்மைக் கழற்றிவிடுவார்கள்.

2014 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் தலைமை நிர்வாக அதிகாரி சத்யா நாதெள்ளா, கணினித் துறைப் பெண்களுக்கான ஒரு பெரிய மாநாட்டில், சம்பள உயர்வைக் கேட்பதைவிட அமைப்பு தானாகச் சரியானதைக் கொடுக்கும் என்று நம்புவது நல்லது என்றார், கர்மாவையும் துணைக்கு இழுத்தார். மேடையில் அவரைப் பேட்டி கண்ட மரியா கிளாவே அங்கேயே மறுத்துப் பேசினார் (அந்த அம்மா அப்போது மைக்ரோசாஃப்டின் இயக்குநர் குழுவில் இருந்தவர் என்பதுதான் இதில் ருசியான விஷயம்). அன்றைக்கே, தான் சொன்னது முழுக்கத் தப்பு என்று நாதெள்ளா ஒப்புக்கொண்டார். அவர் திருத்திக்கொண்டார், நம் ஊர் வீடுகளில் இன்னும் "நல்லா வேலை பாரு, தானா வரும்" என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள்.

சரி, கேட்டால் கிடைத்துவிடுமா? அதுவும் இல்லை. ஆஸ்திரேலிய ஊழியர்களின் விவரங்களை வைத்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், பெண்களும் ஆண்கள் அளவுக்கே உயர்வு கேட்கிறார்கள், ஆனால் கேட்ட ஆண்களில் 20 சதவீதம் பேருக்குக் கிடைத்தது, பெண்களில் 15 சதவீதம் பேருக்குத்தான் என்று தெரியவந்தது. அதனால் "வாயைத் திறக்காதது உன் தப்பு" என்று யாராவது பெண்களுக்குப் பாடம் எடுத்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆனாலும் ஆண்களிலேயே ஐந்தில் ஒருவருக்குத்தான் என்றால், ஒரு தடவை கேட்டுவிட்டு ரோஷப்பட்டு ஒதுங்குவதில் அர்த்தம் இல்லை, இல்லையா?

எப்படிக் கேட்பது? "எனக்கு வளர்ச்சி வேணும் சார்" என்று வந்து நின்றால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது, அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? "ஜெர்மனி ப்ராஜெக்ட்ல டிசைன் பகுதிக்கு என்னைப் போடுங்க, அதுக்கு நான் இப்ப என்ன பண்ணிக் காட்டணும்?" என்று கேட்கிற ஆளுக்கு நான் பதில் சொல்லியே ஆகவேண்டும். நவம்பர், டிசம்பரில் கேளுங்கள், ஷீட் காலியாக இருக்கும். "பார்க்கலாம்" என்றால் "எப்ப வந்து கேக்கட்டும்?" என்று தேதி வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள். அம்மா உடம்பு, கல்யாணம், குழந்தை பற்றியெல்லாம் ஊகிக்க விடாமல் "வீட்டுல பேசிட்டேன், வரத் தயார்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கல்யாணம், குழந்தை என்ற ஊகமெல்லாம் ஆண்கள் விஷயத்தில் அவ்வளவாக எழுவதில்லை என்பது அநியாயம்தான், இருந்தாலும் ஷீட் நிரம்பும் நேரத்தில் அந்த ஒரு வரி உதவுகிறது.

அப்புறம், டீ குடிக்கும்போது சொன்னதெல்லாம் கணக்கில் சேராது. பேசி முடித்ததும் அன்றைக்கே இரண்டு வரி மெயில் போடுங்கள், "இன்று பேசியபடி, நான் கேட்டது இது, நீங்கள் சொன்னது இது" என்று. எங்கள் துறையில் மேனேஜர்கள் திடீர் திடீரென்று மாறுவார்கள், வாய்வார்த்தை அவர்களோடு போய்விடும். மெயில் இருந்தால் புதிதாக வருகிறவருக்கு அப்படியே ஃபார்வர்டு செய்யலாம்.