நியூயார்க் கொடியில் இரண்டு பீவர்கள்

இன்று நியூயார்க்கில் ஒரு நகர அலுவலக வரிசையில் நின்றபடி, சுவரோரம் இருந்த நகரக் கொடியையே வெறித்துக்கொண்டிருந்தேன்.

நீலம், வெள்ளை, ஆரஞ்சு. இந்த ஊரை முதலில் ஆண்ட டச்சுக்காரர்களின் பழைய கொடி நிறங்கள். நடுவே நகரச் சின்னம்.

கேடயத்தில் சிங்கத்தையும் வாளையும் தேடினால் ஏமாற்றம்தான். காற்றாலையின் நான்கு இறக்கைகள், மேலும் கீழும் ஒவ்வொரு பீவர் (ஆற்றில் அணை கட்டும் விலங்கு), இருபுறமும் மாவுப் பீப்பாய்கள். பீவர் தோல் ஐரோப்பியர்களின் தொப்பிக்குப் போனது. மாவு, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த ஊரின் ஏகபோக வியாபாரம். ஏறக்குறைய கடைப் பலகைதான்! வந்தது வியாபாரத்துக்கு என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் ஊர் எனக்குப் பிடித்துவிட்டது.

கேடயத்தின் ஒரு பக்கம் மாலுமி, மறுபக்கம் வில்லேந்திய லெனாப்பே மனிதர், இந்த மண்ணின் பூர்வகுடி. நிலத்தைப் பறிகொடுத்தவரும் சின்னத்தைத் தாங்கத்தான் வேண்டியிருக்கிறது.

உச்சியில் முன்பு பிரிட்டிஷ் கிரீடம். விடுதலைக்குப் பின் 1784இல் கழுகு வந்து உட்கார்ந்தது. ஆங்கிலேயர் ஊரைப் பிடித்த 1664ஆம் ஆண்டுதான் வெகுகாலம் கீழே இருந்தது. 1970களில் அதை, டச்சு ஊராக இது உருவான 1625 ஆக்கி, டச்சுக்காரர்களுக்கு மூப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பீவர்களை மட்டும் யாரும் தொடவில்லை. வேட்டையில் ஊரைவிட்டே ஒழிந்த அந்த விலங்கு, சுமார் 200 ஆண்டுகளுக்குப் பின் 2007இல் பிராங்க்ஸ் ஆற்றில் மீண்டும் தென்பட்டது.