உயிர் பிழைத்தால் மூன்று வருடம்

ஞாயிறு விடிகாலையில் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனிலிருந்து உம்லாங்கா பக்கம் எம்4 சாலையில் சைக்கிள் மிதிக்கும் கூட்டத்தில் எங்கள் செட்டும் உண்டு. சாட்ஸ்வர்த்திலிருந்து சைக்கிள்களை பக்கியில் (பின்னால் திறந்த சின்ன சரக்கு வண்டி) ஏற்றிக்கொண்டு போவோம். அங்கேதான் எங்களோடு வந்த மாமாவை (சொந்தமில்லை, வயதுக்கு மாமா) பின்னாலிருந்து ஒரு கார் தூக்கிப் போட்டது. இடுப்பெலும்பு முறிந்தது, இப்போது இடது கால் கொஞ்சம் கட்டை. ஓட்டியவர் நிறுத்தினார், ஆம்புலன்சுக்கு போன் போட்டதும் அவர்தான், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

போன மாதம் வழக்கு முடிந்தது. கவனக்குறைவாக ஓட்டினார், அபராதம், கிளம்பலாம். கோர்ட் வாசலில் மாமாவின் மகள் "அவ்வளவுதானா?" என்று என்னிடம் கேட்டாள், நான் ஏதோ வக்கீல் மாதிரி. வீட்டுக்கு வந்து சட்டத்தை எடுத்துப் படித்தேன்.

1996-ஆம் வருடத்து தேசிய சாலைப் போக்குவரத்துச் சட்டம், 63-வது பிரிவு. கண்மூடித்தனமாக ஓட்டினால் அபராதம் அல்லது 6 வருடம் வரை சிறை, வெறும் கவனக்குறைவு என்றால் 3 வருடம் வரை. சட்டம் பார்ப்பது ஓட்டிய விதத்தை, அடிபட்டவருக்கு என்ன ஆனது என்பதை அல்ல, அதனால் ரோபோ (டிராஃபிக் சிக்னல்) கம்பத்தில் இடித்தாலும் மாமாவின் இடுப்பில் இடித்தாலும் உச்சவரம்பு ஒன்றுதான். மாமா செத்திருந்தால் கதையே வேறு. அதே கவனக்குறைவு, ஆனால் அப்போது அது அலட்சியத்தால் உயிர் போக்கிய குற்றம். 2010-ல் கேப் டவுன் பிளாக்ஹீத் ரயில்வே கேட்டில் 10 பிள்ளைகள் செத்த வழக்கில், கொலை என்ற தீர்ப்பை மேல்முறையீட்டில் அந்தக் குற்றமாகக் குறைத்த பிறகும் வேன் ஓட்டுநருக்கு 8 வருடம் கிடைத்தது. செத்தால் அது, பிழைத்தால் இது. நடுவில் ஒன்றுமே இல்லை, அலட்சியத்தால் ஒருவரை முடமாக்குவது என்று தனியாக ஒரு குற்றம் நம் நாட்டில் கிடையாது!

இடித்துவிட்டு ஓடிப்போனால் மட்டும், ஆள் செத்திருந்தாலோ பலத்த காயம் என்றாலோ, 9 வருடம் வரை போடலாம். அதில் எனக்கு மனக்குறை இல்லை.

சரி, ஓட்டியவர் மேல் நஷ்டஈடு வழக்காவது போடலாமா என்றால் அதுவும் முடியாது. 2008 ஆகஸ்டிலிருந்து சாலை விபத்து நிதியிடம்தான் கேட்க வேண்டும், வலிக்கும் வேதனைக்கும் பணம் வேண்டுமென்றால் காயம் 'கடுமையானது' என்று டாக்டர் மதிப்பிட்டுத் தர வேண்டும். அந்த நிதி வருவது பெட்ரோல், டீசலுக்கு நாம் கட்டும் வரியிலிருந்து. அதாவது மாமா தன் இடுப்புக்குத் தானே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

லைசென்ஸ் விஷயம்தான் எனக்கு வயிற்றெரிச்சல். கண்மூடித்தனம் என்று கோர்ட் சொல்லியிருந்தால் முதல் தடவைக்கே குறைந்தது 6 மாதம் லைசென்ஸ் தன்னாலே முடங்கும். கவனக்குறைவுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. அந்த மனிதர் கோர்ட்டிலிருந்து வீட்டுக்குப் போனதே தன் காரில்தான்.

மாமாவிடம் இதையெல்லாம் கொட்டினேன். "ஜெயில்ல போட்டு என்னப்பா பண்றது, அவனுக்கும் பிள்ளைங்க இருக்கு. ஒரு வருஷம் லைசென்ஸைப் புடுங்கி டாக்சியில போகச் சொல்லு. நான் இப்ப அதுலதானே போறேன்" என்றார்.